என் பயண நேரம் 1 மணி 52 நிமிடம் அல்ல

மனிதவளப் பிரிவின் தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வரும் 1ஆம் தேதியிலிருந்து காலை 9.30க்குப் பதில் 9 மணிக்கே வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறீர்கள். இதுவரை இருந்த பத்து நிமிடச் சலுகை இனி இல்லை. ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை நாள் சம்பளம் போய்விடும். ஒரு வழிப் பயணம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டும் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி. அந்த அனுமதி கேட்டு எழுதியிருந்தேன். நான்கே நாளில் பதில் வந்தது: "தங்கள் பயண நேரம் 1 மணி 52 நிமிடம். தகுதி இல்லை."

அந்த 52 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள். என் வீட்டு பின்கோடிலிருந்து அலுவலகம் வரை நீலக் கோடு. மேலே கார் படம். மூலையில் அனுப்பியவருடைய செல்போன் நேரம், இரவு 11.20.

சார், எனக்குக் கார் கிடையாது. இரவு 11.20க்கு நான் வேலைக்கு வருவதும் கிடையாது.

இதையே ஆங்கிலத்தில் இரண்டு மின்னஞ்சலாக எழுதிவிட்டேன். "பார்க்கிறோம்" என்று ஒற்றை வரி வந்தது, அவ்வளவுதான். நீங்களும் வீட்டில் தமிழ் பேசுகிறவர். பொங்கலன்று கேன்டீனில் மேசை மேசையாக வந்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்டீர்கள். அதனால் இந்த முறை தமிழில், நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. வேலை போய்விடுமோ என்கிற பயம் ஒரு காரணம், அதை ஏன் மறைக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. இதே மாதிரி அறிக்கை வேறு அலுவலகங்களிலும் ஒட்டியிருக்கிறார்கள் என்று என் ரயில் பெட்டியிலேயே நாலு பேர் சொல்கிறார்கள்.

நான் இருப்பது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு லைன் வீட்டில். பதினோரு வருடமாக பெங்களூருவில் நம் அலுவலகத்தில் பில் சரிபார்க்கிறேன். இந்த வருடம், இனி எதையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு வாதாடக் கூடாது என்று ஒரு நோட்டு போட்டேன். அம்மா பால் கணக்கு எழுதிய நோட்டின் மிச்சப் பக்கங்கள். ஏழு கட்டம்: வீட்டு வாசல், ஸ்டேஷன், வண்டி நகர்ந்தது, கே.ஆர்.புரம், பஸ் ஏறியது, அலுவலக கேட், விரல். 41 வேலை நாட்களுக்கு ஒரு கட்டம் விடாமல் எழுதியிருக்கிறேன்.

அதிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை. வாசல் 5.38. மாரிக்குப்பம் ஸ்டேஷன் 5.52. வண்டி நகர்ந்தது 6.10. கே.ஆர்.புரம் 8.14. பஸ் 8.31. கேட் 9.13. விரல் 9.27. மொத்தம் 3 மணி 49 நிமிடம். அன்று மழையும் இல்லை, மறியலும் இல்லை, எந்த மந்திரியும் ஊருக்கு வரவில்லை.

எங்களுக்குச் சாம்பியன் ஸ்டேஷன்தான் பக்கம். அங்கே ஏறினால் சில நிமிடம் மிச்சம். ஆனால் வண்டி கிளம்புகிற இடம் மாரிக்குப்பம், அங்கே போனால்தான் உட்கார இடம். சில நிமிடத்தைக் கொடுத்து இரண்டு மணி நேர இருக்கையை வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வரைபடத்துக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புரியாது. இருட்டில் சைனைடு மலையை, அதாவது தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் மேட்டை, ஒட்டி நடக்கும்போது எதிரில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் கறுப்பாக நிற்கும். பெட்டிக்குள் முந்தி வந்தவர்கள் கைக்குட்டை, டிபன் பை, ஒரு செருப்பு என்று எதையாவது வைத்து இடம் போட்டிருப்பார்கள். கோரமண்டல் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். என் எதிரில் உட்காருகிற அக்கா ஒயிட்ஃபீல்டில் ஒரு குடியிருப்பில் வீட்டு வேலை செய்கிறார். பங்காருப்பேட்டை வரை கனகாம்பரம் கட்டுவார், அப்புறம் மாலூர் வரை பீன்ஸ் நறுக்குவார். மாலூரில் கூட்டம் ஏறிய பிறகு கையை அசைக்க முடியாது. கத்தி பைக்குள் போய்விடும்.

நடுவில் வண்டி நிற்கும். அது சென்னைப் பாதை. பின்னால் வருகிற வேக வண்டிகளுக்கு வழிவிட்டு எங்கள் வண்டி ஒதுங்கிக் காத்திருக்கும், சில நாள் தியாக்கலில், சில நாள் தேவன்கொந்தியில். நான் ரயிலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த ரயில் இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அடுப்பு எரியாது. அது நிற்கிற நிமிடங்களும் பயண நேரம்தான் என்று மட்டும் சொல்கிறேன். கே.ஆர்.புரத்துக்கு முன்னால் சிக்னலில் நிற்கும்போது பையன்கள் தண்டவாளத்தில் குதித்து நடந்தே போய்விடுகிறார்கள். எதற்காக? உங்களுடையது போன்ற ஒரு விரல் இயந்திரத்துக்காகத்தான். என் முழங்கால் அதற்கு ஒத்துழைக்காது. நான் உட்கார்ந்து நோட்டில் நேரம் எழுதுகிறேன்.

அப்புறம் படியேறி, நடைபாலம் கடந்து, தொங்கு பாலத்துக்குக் கீழே போய் டின் ஃபேக்டரி நிறுத்தத்தில் நிற்க வேண்டும். 500டி வரும். வரும்போதே கதவில் தொங்கிக்கொண்டுதான் வரும். கண்டக்டர் "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கத்துவார். முன்னால் போக இடம் இருந்தால் யார் பின்னால் நிற்கப் போகிறார்கள். அங்கிருந்து மகாதேவபுரா, தொட்டனேகுந்தி என்று ஏழெட்டுக் கிலோமீட்டர். 41 நாளில் இந்தத் துண்டுக்கு மட்டும் சராசரி 43 நிமிடம். நம்பச் சிரமமாக இருந்தால் ஊர் ஊராகப் போக்குவரத்து நெரிசலை அளக்கிற டாம்டாம் நிறுவனத்தின் 2024ஆம் வருடக் கணக்கைப் பாருங்கள். பெங்களூருவில் 10 கிலோமீட்டர் போக சராசரி 34 நிமிடம் 10 விநாடி. அது நாள் முழுக்கவும் சேர்த்து எடுத்த சராசரி. நான் போவது காலை எட்டரைக்கு, அவுட்டர் ரிங் ரோட்டில்.

41 நாளின் சராசரி, வாசலிலிருந்து விரல் வரை, 3 மணி 36 நிமிடம். மிகக் குறைந்த நாள் 3 மணி 11. மிக அதிகம் 4 மணி 32. திரும்பும்போது இன்னும் கொஞ்சம் கூடுதல். 6.30க்கு இறங்கினால் வீட்டில் செருப்பைக் கழற்ற 10.20 ஆகிவிடும். வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததில் பங்காருப்பேட்டை வரை வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. புதிய 9 மணிக் கணக்கை என் நோட்டில் வைத்துப் பார்த்தேன். நான் தப்பித்திருக்கக்கூடியது நாலே நாள். அதில் மூன்று அரசு விடுமுறை, ரோடு காலி.

அரை மணி முன்னால் வா என்று உங்களால் சொல்ல முடியும். வண்டியை அரை மணி முன்னால் எடு என்று நான் யாரிடம் சொல்வது?

இந்த விஷயத்தை நம் மேலாளரிடம் எடுத்துப் போனபோது கிடைத்த யோசனைகளையும் எழுதிவிடுகிறேன், மறுபடி அவற்றையே சொல்லாமல் இருப்பதற்காக. "இப்போ எக்ஸ்பிரஸ்வே வந்தாச்சே" என்றார். வந்திருக்கிறது, ஹோஸ்கோட்டை பக்கத்திலிருந்து எங்கள் பக்கம் வரை. கார் வைத்திருக்கிறவர்களுக்கு நல்ல சாலைதான். அதில் டூவீலர் விடக்கூடாது, விட்டாலும் என்னிடம் இல்லை. "மெட்ரோ?" என்றார். ஒயிட்ஃபீல்டுக்கு 2023இல் வந்தது. நம் அலுவலகம் இருக்கிற ரிங் ரோட்டில் தூண் நிற்கிறது, வேலை நடக்கிறது, அந்த வேலைக்குத் தடுப்பு வைத்து ரோடும் குறுகியிருக்கிறது. "லேடீஸுக்கு பஸ் ஃப்ரீதானே" என்று சொல்லிப் போன வருடம் என் பயணப்படியையும் எடுத்துவிட்டீர்கள். 2023 ஜூனில் வந்த சக்தித் திட்டத்துக்கு நான் நன்றியுள்ளவள். ஆனால் இலவசம் சாதாரணப் பேருந்தில்தான், ஏசி வஜ்ராவில் இல்லை. பிந்திவிடும் என்று பயந்து வஜ்ராவில் ஏறுகிற நாட்களில் காசு கொடுத்துத்தான் வருகிறேன். எந்தெந்த நாள் என்பதும் நோட்டில் இருக்கிறது.

கடைசியாக, "இங்கேயே வீடு பார்த்துக்கொள்ளலாமே, அம்மா." இந்த யோசனையைச் சொல்கிறவர்கள் எப்போதும் கனிவோடுதான் சொல்கிறார்கள், அதனால் கோபப்படவும் முடிவதில்லை. பெங்களூரில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கேட்கிறார்கள். என் சம்பளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே கொடுக்கிறீர்கள். காசு புரண்டாலும் அப்பா வரமாட்டார். எழுபதைத் தாண்டிவிட்டார், நெஞ்சு முழுக்கச் சுரங்கத் தூசி. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கும். தெரிந்த மனிதர்களும் தெரிந்த திண்ணையும் அங்கேதான் இருக்கின்றன.

அப்பா சாம்பியன் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் ஆள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்களை மூடினார்கள். நூற்றி இருபது வருடம் வேலை கொடுத்த ஊர் ஒரே நாளில் வேலை தேடிப் போகிற ஊராகிவிட்டது. சுரங்கத்துக்காக 1890களில் போட்ட அந்தக் கிளைப் பாதையில் இப்போது நாங்கள் போய் வருகிறோம். (எங்கள் ஊருக்கு சிவனசமுத்திரத்திலிருந்து 1902இலேயே மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூருக்கு 1905. ஒரு காலத்தில் உங்கள் நகரம் எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றது என்பதைப் பெட்டியில் யாராவது வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்லிக்கொள்வார்கள். வேறென்ன செய்வது, நேரம் போக வேண்டுமே.)

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டம் கட்டமாகப் பார்த்தார். பயணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அது அவருக்குத் தெரிந்ததுதான். கடைசி இரண்டு கட்டத்தில் விரலை வைத்தார். "கேட் 9.13, விரல் 9.27. நடுவுல பதினாலு நிமிஷம் எங்கே போச்சு?"

சொன்னேன். கேட்டில் பையை ஸ்கேன் பண்ண வரிசை. அங்கிருந்து நம் பிளாக்குக்கு நடை. கீழே லிஃப்டுக்கு இன்னொரு வரிசை. பதினோரு மாடிக்கு நாலு லிஃப்ட், அதில் ஒன்று எப்போதும் ரிப்பேர். ஏழாவது மாடியில் இறங்கி வலப்பக்கம் திரும்பினால் இயந்திரம். காலையில் விரல் வறண்டு கிடந்தால் "மீண்டும் முயலவும்" என்று மூன்று தடவை சொல்லும். ஊதிப் பார்த்து, புடவையில் துடைத்து, மறுபடி வைக்க வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

அப்பா சிரித்தார். "அது உன் கம்பெனி இடம்தானே? கேட்டுக்குள்ள வந்துட்டா நீ வேலைக்கு வந்தாச்சு. எங்களுக்குக் கூண்டுல காலு வெச்சதுமே ஷிஃப்டு ஓட ஆரம்பிச்சுடும். கீழ போய்ச் சேர முக்கால் மணி ஆகும், அதுவும் கணக்குலதான்."

அவர் சொன்னது வெறும் பழங்கதை இல்லை. அவர் வேலை பார்த்த காலத்தில் இருந்த 1952ஆம் வருடச் சுரங்கச் சட்டம், தரைக்கு அடியில் ஒரு ஆள் நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்றது. பதிவேட்டில் அவருக்கு எழுதிய வேலை நேரம் தவிர வேறு நேரத்தில் அடியில் இருக்கவே கூடாது என்றும் சொன்னது. ஆகவே இறங்குகிற நேரமும், கீழே நடந்து போகிற நேரமும் அந்த எட்டுக்குள் வந்தாக வேண்டும். அப்பாவுக்குக் கூண்டு, எனக்கு லிஃப்ட். அவருடைய கூண்டு நேரத்தை வேலை நேரம் என்று எடுத்துக்கொண்டார்கள். என் லிஃப்ட் நேரத்தை என் தாமதம் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எனக்கு அரை நாள் பிடித்த மூன்று நாட்களையும் எடுத்துப் பார்த்தேன். சலுகை முடிகிற 9.40க்குள் மூன்று நாளும் நான் கேட்டுக்குள் வந்துவிட்டேன். ஒரு நாள் 9.29க்கே வந்திருக்கிறேன்.

உங்கள் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கிற பிரிவுக்கு 9 மணி என்றால் 9 மணிதான், அங்கே ஆள் இல்லாமல் நடக்காது. ஆனால் என் பிரிவு பார்க்கிற பில்கள் முந்தின நாள் இரவே வந்து குவிந்திருப்பவை. 9 மணிக்கு எடுத்தாலும் 9.40க்கு எடுத்தாலும் அன்று மாலைக்குள் முடித்துக் கொடுக்கிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் அந்த லைன் வீட்டின் சமையலறையில் உட்கார்ந்து இதே வேலையைச் செய்தேன். அந்த இரண்டு வருடமும் என் பிரிவில் தவறு மிகக் குறைவு என்று சான்றிதழ் கொடுத்தீர்கள். என் மகள் அதை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.

"எங்களோடு ஒரு நாள் வந்து பாருங்கள்" என்று உங்களைக் கூப்பிடப் போவதில்லை. ஒரு நாள் வந்தால் அது சுற்றுலா. பங்காருப்பேட்டையில் பானிபூரி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவோம், நீங்களும் நல்ல அனுபவம் என்று சொல்லிவிட்டுப் போவீர்கள். நான் கேட்பது வேறு.

என் விண்ணப்பத்தை மறுபடி எடுங்கள். பயண நேரத்தை வேலை நாளில், வேலைக்கு வருகிற நேரத்தில், அந்த ஊழியர் உண்மையில் எதில் வருகிறாரோ அதில் வைத்து, வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுங்கள். கார் படத்தை வைத்து நிராகரித்த மற்றவர்களின் விண்ணப்பங்களுக்கும் அதே முறைதான் வேண்டும். எனக்குத் தெரிந்தே ஒன்பது பேர் இருக்கிறார்கள், தங்கவயல், மாலூர், ஓசூர் என்று.

விரல் வைக்கிற இயந்திரத்தை ஏழாவது மாடியிலிருந்து கீழே, கேட்டுக்கு இறக்குங்கள். இதை எனக்காக மட்டும் கேட்கவில்லை. ஹவுஸ்கீப்பிங் பெண்களும் செக்யூரிட்டி தம்பிகளும் எங்கள் வண்டியில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே இல்லை. துடைப்பத்தை வீட்டிலிருந்து இயக்க முடியாது. அவர்களுக்கு அந்தப் பதினாலு நிமிடம்தான் சம்பளம். ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று தள்ளிவிடாதீர்கள். இயந்திரம் உங்களுடையது.

9 மணி உத்தரவை, அது உண்மையாகவே தேவைப்படுகிற பிரிவுகளோடு நிறுத்துங்கள். மற்றவர்களுக்கு 9.30ம் பழைய பத்து நிமிடமும் தொடரட்டும். 9 மணிதான் என்று கடைசி வரை நீங்கள் நின்றால், மாலை 6 மணிக்காவது விடுவோம் என்று எழுத்தில் கொடுங்கள். முன்னால் வரச் சொன்ன அறிக்கையில் முன்னால் போவது பற்றி ஒரு வரிகூட இல்லை.

என்னிடம் பிடித்த மூன்று அரை நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்த பயணப்படியையும் மறுபடி தாருங்கள்.

இந்த மாதம் 20ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். 1ஆம் தேதி வந்துவிட்டால் என் கணக்குப்படி மாதத்தில் இருபது நாளாவது எனக்கு அரைச் சம்பளம்தான். அதற்கப்புறம் வருகிற பதிலால் பிரயோஜனமில்லை.

நோட்டின் 41 நாள் பக்கங்களையும் நகலெடுத்து உங்கள் அறையில் கொடுத்திருக்கிறேன். 23ஆம் நாள் பக்கத்தில் சாம்பார் கொட்டிவிட்டது, கே.ஆர்.புரம் கட்டத்தில் எண் தெரியாது. அது 8.19.

இப்படிக்கு,
மாரிக்குப்பம் வண்டியில் வருகிற, பில் பிரிவு ஊழியர்